அங்கிள் கம்பெனியில் வேலை

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சித்தி மகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்துவிட்டதாம். பூச்சோங்கில் பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஒரு குடும்பக் கம்பெனி.

“நியமனக் கடிதம் கொடுத்தாங்களா?”

“தெரிஞ்ச அங்கிள்தான் அக்கா. எப்படிக் கேக்குறது?”

எனக்கு ரசம் தொண்டையில் நின்றது. வானொலிக்கு வருமுன் கிள்ளானில் ஒரு மசாலைத் தூள் தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கேயும் முதலாளி அங்கிள், அவர் மனைவி ஆன்ட்டி. மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டிலிருந்தே வரும். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது காரும் டிரைவரும் அனுப்பியவர் அங்கிள். அப்படிப்பட்டவரிடம் சம்பளச் சீட்டு கேட்க வாய் வருமா? வேலையை விட்ட பிறகுதான் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்த்தேன். எட்டு மாதப் பணம் கட்டவில்லை. என் சம்பளத்தில் பிடித்தது மட்டும் ஒழுங்காக நடந்திருந்தது. கெட்ட மனிதர் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அதுதான் சிக்கலே.

குடும்பக் கம்பெனி என்றாலே இப்படித்தான் என்பதில்லை. செத்தாபாக்கில் இருக்கும் ரோயல் சிலாங்கூரைப் பாருங்கள். 1885இல் சீனாவிலிருந்து வந்த யோங் கூன் ஈயத்தில் ஊதுவத்திக் கிண்ணம் செய்து விற்கத் தொடங்கிய தொழில், இன்று அவர் குடும்பத்தின் நான்காம் தலைமுறையிடம் இருக்கிறது. அங்கே ஒரு சுவர் முழுக்க ஊழியர்களின் உள்ளங்கைப் பதிவுகள், பெயரோடு. கம்பெனியை நிறுத்திய கைகள் யாருடையவை என்று வருகிறவர்களுக்குத் தெரிகிறது.

அந்தக் குடும்பத்திலும் மகன்கள் பிரிந்து தனித்தனிக் கடை போட்டார்கள், நிலைத்தது ஒன்றுதான். மதுரையில் 1911இல் பிறந்த டி.வி.எஸ். குழுமம்கூட 2022இல் குடும்பக் கிளைகளிடையே முறைப்படி பிரிந்தது. பெரிய இடங்களில் இதற்கு வக்கீல் இருப்பார். சின்ன இடத்தில் அப்பா ஒன்று சொல்வார், மகன் வேறு சொல்வார். நடுவில் நிற்பது நாம்தான். கையில் ஒரு கடிதம் இல்லையென்றால் எதைக் காட்டிப் பேசுவது?

அங்கிளானாலும் சட்டம் ஒன்றுதான். 2025 ஆகஸ்டிலிருந்து எல்லா முதலாளிக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வேலை நேரம் 2023 முதல் வாரத்துக்கு 45 மணி. மாதம் 5,000 வெள்ளிவரை வாங்கும் மலேசியருக்கு முதலாளி 13 விழுக்காடு, நாம் 11 விழுக்காடு என்று சேமநிதிக்குப் போக வேண்டும், அதுவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். கட்டினார்களா என்று கைப்பேசியில் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்தால் தெரிந்துவிடும். எட்டு மாதம் கழித்து இல்லை, ஒவ்வொரு மாதமும் பாருங்கள். காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால் தொழிலியல் உறவுத் துறையிடம் புகார் செய்ய 60 நாள்தான் அவகாசம். மனவருத்தத்தில் இரண்டு மாதம் ஓடிவிடும், கவனம்.

கேட்கும் விதம் முக்கியம். “நீங்க ஏமாத்துவீங்களோன்னு பயம்” என்ற தொனி வேண்டாம். “பேங்க்ல கார் கடனுக்குக் கேக்குறாங்க ஆன்ட்டி, ஒரு கடிதமும் சம்பளச் சீட்டும் வேணும்” என்றால் யாருக்கும் கோபம் வராது.

தங்கை திங்கட்கிழமை அப்படித்தான் கேட்டாள். புதன்கிழமை கடிதம் வந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்பது அதைப் படித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.