டயருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

“மாமா, 225 போட்டுவிடலாமா?” என்று கேட்டான் என் மைத்துனன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. செம்பரம்பாக்கத்தில் பெங்களூர் சாலை ஓரமாக உள்ள ஒரு டயர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவனுடைய கார் நாலு சக்கரங்களையும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜாக்கிகளின் மேல் பரிதாபமாக நின்றது. 2023-ல் வந்த ‘வெர்னா டர்போ’. 160 குதிரைச் சக்தி. இங்கிருந்து சிறிது தூரத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டிதான். பார்ப்பதற்குக் குடும்பக் கார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தெரியும் அதன் குணம்!

225 என்று அவன் சொன்னது டயரின் அகலம், மில்லிமீட்டரில். தொழிற்சாலையிலிருந்து வந்தது 205. இருபது மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. காரணம் இருந்தது.

போன மழைக் காலத்தில் ஒரு நாள் இரவு, மனைவியையும் ஐந்து வயதுப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திரும்பியிருக்கிறான். திருமழிசைக்கு அருகே சாலையில் தேங்கியிருந்த நீரில் கார் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் காற்றாடி போல் லேசாகிவிட்டது. திருப்பினால் திரும்பவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை. இரண்டு விநாடியோ மூன்று விநாடியோதான். பக்கத்தில் லாரி ஏதும் வராததால் இந்தக் கட்டுரையை நான் சாவகாசமாக எழுத முடிகிறது. “டயர் ஒல்லி, மாமா! அதனால்தான் வழுக்கியது” என்று அன்றே தீர்மானம் செய்துவிட்டான்.

கடைக்காரருக்கு வேறு அபிப்பிராயம். “215/60 போடுங்க சார். வண்டி கொஞ்சம் உசரும். ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாது. பார்வைக்கும் கம்பீரமா இருக்கும். ஸ்டாக்கும் இருக்கு” என்றார். கடைசி வாக்கியத்தில்தான் உண்மை இருந்தது என்று நினைக்கிறேன்.

எங்கள் இருவரையும் காப்பாற்றியவர் உள்ளே அலைன்மென்ட் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர். சிறு பையனாக இருந்தபோது சோழவரம் விமானத் தளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களை வேலியோரம் நின்று பார்த்தவராம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “தம்பி, முதல்ல கதவைத் திறங்க” என்றார்.

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. இத்தனை நாளாக என் மைத்துனன் அதைப் படித்ததே இல்லை! டயரின் அளவும், அதில் அடைக்க வேண்டிய காற்றின் அளவும் அதில் அச்சாகியிருந்தன. 205/55 ஆர் 16.

இந்த எண்களே ஒரு வேடிக்கையான கலப்பு மணம். 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது சதவிகிதம். அதாவது டயரின் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ‘ஆர்’ என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்! மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் ஒரே வரியில் எழுதிவிட்டு உலகம் முழுவதும் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நாள் அம்பாஸடர் காருக்கு 5.90-15 என்று வெறும் அங்குலக் கணக்கு மட்டும் இருந்தது.

பெரியவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். 205-ல் 55 சதவிகிதம் சுமார் 113 மில்லிமீட்டர். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பக்கச் சுவர்கள், ஆக 225½. பதினாறு அங்குலம் என்பது 406.4. கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 632 மில்லிமீட்டர். “இந்த 632-தான் தம்பி ஆணிவேர். இதை ஆட்டாம என்ன வேணா பண்ணுங்க” என்றார்.

கடைக்காரர் சொன்ன 215/60-ஐப் போட்டுப் பார்த்தோம். 664 மில்லிமீட்டர். நூற்றுக்கு 5 பங்கு அதிகம்! அப்படியானால் ஸ்பீடாமீட்டர் 100 என்று காட்டும்போது, அது முன்பு காட்டிய 100-ஐ விட 5 கிலோமீட்டர் கூடுதலாகவே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்குக் குறையும். பெரிய சக்கரத்தைச் சுழற்ற வேண்டியிருப்பதால் எஞ்சினின் இழுப்பும் அதே அளவுக்கு மழுங்கும். ‘டர்போ’வுக்கென்று கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை டயர் கடையில் விட்டுவிட்டு வரவேண்டியதுதான். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் உள்ளே உரசுகிறதா என்பது தனிக் கவலை. வண்டி 16 மில்லிமீட்டர் உயரும் என்பது மட்டும் வாஸ்தவம்.

மைத்துனனுடைய 225-க்கு வருவோம். பக்கச் சுவர் விகிதத்தை 50 என்று குறைத்து 225/50 போட்டால் மொத்த உயரம் 631.4. பழைய அளவோடு அச்சாகப் பொருந்துகிறது! அவன் முகத்தில் வெற்றிப் புன்னகை. அந்தப் புன்னகை அதிக நேரம் நிலைக்கவில்லை.

ஏனென்றால் ரிம்மை அவன் மாற்றப்போவதில்லை. ஒவ்வொரு டயருக்கும் எந்த அகலமுள்ள ரிம் ஏற்கும் என்று தயாரிப்பாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். 205/55-க்கு 5½ அங்குலம் முதல் 7½ வரை. 225/50-க்கு 6 முதல் 8 வரை. ரிம்மின் அகலத்தை அதன் உட்புறத்திலேயே ‘ஜே’ என்ற எழுத்தோடு பொறித்திருப்பார்கள். அது ஆறு அங்குலமானால், 225 விதிப்படி பொருந்தும். ஆனால் வரம்பின் கடைசிப் படியில் நிற்கும். இறுகக் கட்டிய கோணிப்பை மாதிரி அடியில் ஒடுங்கி நடுவில் வயிறு பிதுங்கும். வளைவில் திரும்பும்போது பக்கச் சுவர் முதலில் சாய்ந்து, அதன் பிறகே கார் திரும்பும். விரைவாகத் திரும்புவதற்காக வாங்கிய காருக்கு இது தேவைதானா? உண்மையிலேயே 225 வேண்டுமென்றால் அகலமான ரிம்மும் வாங்க வேண்டும். அது வேறு பட்ஜெட்.

இன்னொரு சங்கதி எனக்குப் புதிதாக இருந்தது. டயர் அகலமானால் தரையைத் தொடும் பரப்பு அதிகமாகும் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லையாம்! காரின் ஒரு மூலையில் 350 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் 33 பவுண்டுக் காற்று. அந்தக் காற்றுத்தான் பாரத்தைத் தாங்குகிறது. கணக்குப் பார்த்தால் தரையில் படும் இடம் சுமார் 150 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் கார்டைவிடக் கொஞ்சம் பெரிது. அகல டயர் போட்டாலும் பாரமும் காற்றும் மாறாத வரையில் அந்தப் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். வடிவம் மட்டும் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். காய்ந்த சாலையில் திரும்பும்போது அது நல்லது. தேங்கிய நீரிலோ நேர் எதிர்! அகலமான டயர் தன் முன்னே அதிக நீரை ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்க முடியாவிட்டால் நீரின் மேல் படகாக மிதந்துவிடும்.

“அப்படியானால் அன்றைக்கு 225 போட்டிருந்தால்...?” என்று இழுத்தான் மைத்துனன்.

“இன்னும் சீக்கிரமா மிதந்திருப்பீங்க தம்பி” என்றார் பெரியவர், கழற்றிய பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து. அதில் பட்டன் என்பதே அநேகமாக இல்லை. பள்ளங்களுக்கு நடுவே சிறு திட்டுகளாகத் தெரியும் அடையாளத்தை விரலால் தடவிக் காண்பித்தார். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கி என்று அர்த்தம். அதற்குமேல் அந்த டயரில் ஓட்டக் கூடாது. இந்த டயர் அந்தத் திட்டையே தேய்க்க ஆரம்பித்திருந்தது!

“காத்து எப்பப் பார்த்தீங்க?”

மைத்துனன் பதில் சொல்லவில்லை. மழைக் காலம் முழுவதும் பார்க்கவில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றிப் படித்தேன். விமானங்கள் ஈர ஓடுபாதையில் வழுக்குவதை அமெரிக்காவின் ‘நாஸா’ நிறுவனத்தார் 1960-களில் ஆராய்ந்து ஒரு சூத்திரம் வகுத்தார்கள். டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதைக் காற்றின் அழுத்தத்தைக் கொண்டே சொல்லும் சூத்திரம் அது. கார் டயருக்கு அது தோராயம்தான். 33 பவுண்டானால் மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். காற்று 25 பவுண்டுக்கு இறங்கினால் 83 கிலோமீட்டரிலேயே! பட்டன் நன்றாக இருந்தால் பள்ளங்கள் நீரை வாங்கிக்கொண்டு ஆபத்தைத் தள்ளிப் போடும். பட்டனும் இல்லை, காற்றும் இல்லை என்றால் கேட்பானேன்?

செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்கு நீரைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இருபத்துநாலு அடி ஆழமுள்ள இந்த ஏரியிலிருந்து 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி நீரைத் திறந்துவிட்டதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஊரில் நின்றுகொண்டு மழையை மறந்து டயர் வாங்கப் பார்த்தோம்!

டயர் ஞானத்துக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஒரகடத்தில் 2010 முதல் அப்போலோ டயர் தொழிற்சாலை நடக்கிறது. ஜே.கே. டயர், சியட் ஆகியவற்றின் தொழிற்சாலைகளும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில்தான். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை இருக்கிறது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஆரம்ப காலத்தில் ஓட்டிப் பழகிய பாதை.

அவர் கதையிலும் டயர் குறுக்கிடுகிறது. 2005-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் ‘ஃபார்முலா ஒன்’ பந்தயம். அங்கே சாய்வாகக் கட்டப்பட்ட ஒரு வளைவின் பளுவை மிஷலின் டயர்கள் தாங்க மாட்டா என்று பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. பந்தயத்தன்று ஒரு சுற்று வந்ததும் அந்த டயர் பூட்டிய 14 கார்களும் வரிசையாக ஒதுங்கிவிட்டன! பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறே கார்கள் ஓடின. அந்த ஆறில் ஒன்றில் நரேன். நாலாவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. உலகத்தின் மிகப் பெரிய டயர் நிபுணர்களுக்கே சறுக்கும்போது என் மைத்துனனைக் குற்றம் சொல்வானேன்!

இதைவிடச் சிக்கலான கார்களும் நம் பக்கத்திலேயே உருவாகின்றன. மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் 2021 முதல் ‘எம்340ஐ’ என்ற காரைக் கூட்டி வெளியிட்டார்கள். முன் சக்கரத்துக்கு ஓர் அளவு, பின் சக்கரத்துக்கு வேறு அளவு. பத்தொன்பது அங்குல ரிம்முக்கு முன்னால் 225/40, பின்னால் 255/35. இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 662.6-ம் 661.1-ம் வரும். ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நாலு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகிற கார் அது. முன்னும் பின்னும் வெவ்வேறு உயரமானால் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி ஓயாமல் இழுபட்டுக் கெட்டுப்போகும். அந்தக் காரை வைத்திருப்பவர்கள் அளவை மாற்றுவதை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று போடுவதற்கும் யோசிக்க வேண்டும்.

கடைசியில் 205/55-ஐயே வாங்கினோம். ஸ்லாவியா, வர்ட்டஸ் கார்களுக்கும் இதே அளவு என்பதால் எல்லாக் கம்பெனி டயர்களிலும் கிடைக்கிறது. ஆக, நாம் உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது அளவை அல்ல, சரக்கை! ஈர சாலையில் நன்றாகப் பிடிக்கக் கூடிய, ஆழமான நேர்ப் பள்ளங்கள் உள்ள டயராகப் பெரியவரே எடுத்துக் கொடுத்தார்.

அளவுக்குப் பின்னால் 91வி என்று இருந்தது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். ‘வி’ என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை தகும். ‘எச்’ என்றால் 210. நம் சாலையில் இரண்டுமே தேவையில்லை என்பீர்கள். ஆனாலும் பழைய டயரில் இருந்த எண்ணையும் எழுத்தையும்விடக் குறைந்ததை வாங்கக் கூடாது. விலையைக் குறைப்பதாகச் சொல்லி இந்த எண்ணில்தான் கை வைப்பார்கள்.

வயதையும் பார்த்தோம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கங்கள். 3824 என்றால் 2024-ம் வருஷத்தின் 38-வது வாரத்தில் பிறந்த டயர். மூன்றில் அப்படித்தான் இருந்தது. நாலாவதில் 3821! அதாவது உடன்பிறந்தவர்களுக்கு மூன்று வயது மூத்தது. காண்பித்ததும் கடைக்காரர் மறு பேச்சுப் பேசாமல் உள்ளே எடுத்துப் போய் வேறு கொண்டுவந்தார். நாங்கள் பார்க்காமல் இருந்திருந்தால்?

பாலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடிந்தது. கதவுச் சீட்டைப் பார்த்தே காற்று அடைத்தார் பெரியவர். பிறகு டிக்கியைத் திறக்கச் சொல்லி, ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தார். (இந்த ‘ஸ்டெப்னி’ என்ற பேர் வேல்ஸ் நாட்டில் உள்ள ஒரு தெருவின் பேர்! 1904-ல் உபரிச் சக்கரம் செய்து விற்ற சகோதரர்களின் கடை அங்கே இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் மறந்தாலும் நாம் விடுவதாக இல்லை.) காற்றுமானியை வைத்தார். பன்னிரண்டு பவுண்டு!

“மாமா, அக்காகிட்ட இதையெல்லாம் சொல்ல வேண்டாம்” என்றான் மைத்துனன், காரைக் கிளப்பிக்கொண்டே.