பப், கிளப், பீர்க்கடை: ஷ்வேப்யிதாவிலிருந்து பார்க்கையில்

காஸ்ட்ரோபப் என்ற சொல்லுக்குத் தமிழில் சரியான இணை கிடையாது. 'உணவகத்துடன் கூடிய மதுக்கூடம்' என்று அரசாணை நடையில் எழுதலாம். ஆனால் அது நம் ஊர் 'குடும்ப உணவகம் மற்றும் பார்' பலகையைத்தான் நினைவூட்டும். சொல்லின் பாதி வயிற்றைக் குறிக்கும் கிரேக்க வேர், மீதிப் பாதி பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். பொதுவீடு. அந்தப் 'பொது' என்ற சொல்லின் மேல்தான் இந்தக் கட்டுரை நிற்கிறது. யார் வேண்டுமானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், ஒரு கோப்பை வாங்கினால் உட்கார உரிமை உண்டு என்பது அதன் பொருள்.

இந்த வகைக் கடைகளின் தொடக்கம் என்று எல்லோரும் காட்டுவது லண்டன் ஃபாரிங்டன் சாலையில் உள்ள 'ஈகிள்'. 1991இல் மைக்கேல் பெல்பென், டேவிட் அய்ர் என்ற இருவர் ஒரு சாதாரண பப்பைக் குத்தகைக்கு எடுத்து, மதுமேடைக்குப் பக்கத்திலேயே அடுப்பை வைத்தார்கள். மேசை விரிப்பு இல்லை, முன்பதிவு இல்லை. அன்றன்றைக்கு என்ன சமையலோ அது கரும்பலகையில். இருவரும் திடீரென்று ஞானம் பெற்று இதைச் செய்துவிடவில்லை. 1989இல் பிரிட்டிஷ் அரசு பெரிய மதுவடி நிறுவனங்களுக்கு ஒரு கட்டளை போட்டது. ஆயிரக்கணக்கான பப்களைத் தங்கள் கையில் வைத்திருந்த நிறுவனங்கள், 2,000க்கு மேற்பட்டவற்றில் பாதியைக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். விற்பனைக்கும் குத்தகைக்கும் கடைகள் வந்து குவிந்தன. ஒரு உணவகம் தொடங்கப் போதிய பணம் இல்லாத சமையல்காரர்கள் பழைய பப்களுக்குள் நுழைந்தார்கள். ஈகிளுக்கு வாய்த்த இன்னொரு நல்ல காலம், அதே தெருவில் அப்போது கார்டியன் பத்திரிகை அலுவலகம் இருந்தது. பசித்த பத்திரிகையாளர்கள் பக்கத்தில் இருந்தால் எந்தக் கடைக்கும் வரலாறு கிடைத்துவிடும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் இது ஒரு நோய் போலப் பரவியது. உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கூட ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2011இல் 'குட் ஃபுட் கைடு' என்ற பழைய வழிகாட்டி நூல் இந்தச் சொல்லையே கைவிட்டது. 2012இல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதே சொல்லைச் சேர்த்துக்கொண்டது. சொற்களுக்கும் இப்படிப் புலம்பெயர்வு உண்டு.

இங்கே இலக்கிய வாசகர் ஒருவரைக் கவனிக்காமல் போக முடியாது. ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' இதழில் 'நீருக்கடியில் நிலா' என்று பொருள்படும் தலைப்பில், தனக்குப் பிடித்த பப் ஒன்றைப் பற்றி எழுதினார். விக்டோரிய காலத்து மரவேலைப்பாடு, பேச்சு கேட்கிற அளவு அமைதி, பெயர் தெரிந்து பேசும் பணிப்பெண்கள், பின்னால் குழந்தைகள் விளையாடத் தோட்டம் என்று பத்து இலட்சணங்கள் சொல்லிவிட்டு, கடைசியில் அப்படி ஒரு கடையே இல்லை என்கிறார். அந்தக் கற்பனைக் கடையில் சாப்பாடும் உண்டு, ஆனால் அடக்கமாக. இரவு விருந்து கிடையாது. கொறிக்க ஏதாவது எப்போதும் இருக்கும். மதியம் மாடியில் மலிவாக ஒரு வேளைச் சாப்பாடு. பிற்காலத்தில் ஒரு பெரிய பப் நிறுவனம் தன் கடைகள் பலவற்றுக்கு இந்தக் கட்டுரையின் பெயரையே சூட்டியது. இல்லாத கடைக்குக் கிளைகள் உண்டானது இப்படித்தான்.

ஆர்வெலை வலிந்து இழுத்து வரவில்லை. 1922 முதல் 1927 வரை அவர் பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்தார். 1925இல் அவரை அமர்த்திய இடம் இன்செயின், பெரிய சிறைச்சாலை உள்ள ஊர். அந்த இன்செயினுக்கு அடுத்துதான் ஷ்வேப்யிதா.

யங்கோனுக்கு வருகிற பயணிகள் ஷ்வேப்யிதாவுக்குப் போவதில்லை. போவதற்கு வழிகாட்டி நூல்கள் ஒரு காரணமும் சொல்வதில்லை. ஷ்வே என்றால் பொன், ப்யி என்றால் நாடு, தா என்றால் இனிமை. பெயர் அப்படி. 1980களின் இறுதியில், குறிப்பாக 1988 எழுச்சிக்குப் பிறகு, நகர நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பலவற்றைக் கொண்டுவந்து விட்ட புறநகர்களில் இதுவும் ஒன்று. மேற்கே லைங் ஆறு. தொழிற்பேட்டைகள், தையல் ஆலைகள், அவற்றில் வேலை செய்யக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். நகர மையத்துக்குப் பஸ் பிடித்தால் நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்குக் குறையாது.

இங்குள்ளவர்களுக்கும் பப் உண்டு. 'பீயா சைங்' என்பார்கள், பீர்க்கடை. தெருவோரம் கூரை போட்ட திறந்த கூடம், தாழ்ந்த மேசைகள், பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் பீர், மூலையில் ஒரு தொலைக்காட்சி. இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டம் நடக்கிற இரவில் இடம் கிடைக்காது. பரிமாறுபவர்கள் பெரும்பாலும் சிறு பையன்கள். உதட்டைக் குவித்து முத்தமிடுவது போல ஓசை எழுப்பினாலோ, 'ஞீலே', அதாவது தம்பி, என்று கூப்பிட்டாலோ வருவார்கள். தொட்டுக்கொள்ள வருவதை 'அம்யி' என்கிறார்கள்: வறுத்த கடலை, இஞ்சிக் கலவை, புளிக்கவைத்த தேயிலையில் செய்த 'லஃபெ தோ', சுட்ட மீன். ஆர்வெல் கேட்ட 'கொறிக்க ஏதாவது' இங்கே இருக்கிறது. அவர் கேட்ட அமைதி இல்லை. பெண்களும் அதிகம் இல்லை. தையல் ஆலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்கு இந்தப் பொதுவீட்டில் இடம் இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆங்கிலேயர் பர்மாவுக்குக் கொண்டுவந்தது பப்பை அல்ல, கிளப்பை. பப்பில் காசு இருந்தால் போதும். கிளப்பில் நிறம் வேண்டும். ரங்கூனின் பெகு கிளப் ஐரோப்பியர்களுக்கு மட்டுமானது. இன்றைய ப்யி சாலை அன்று ப்ரோம் சாலை. அங்கே தேக்கு மரத்தால் கட்டிய அகன்ற கட்டடம் அதன் இருப்பிடம். 1889இல் கிப்ளிங் ரங்கூன் வந்தபோது இங்கே போயிருக்கிறார். மேல் பர்மாவில் போரிட்டுத் திரும்பியவர்களின் கதைகளைக் கேட்டிருக்கிறார். மாண்டலே நகரத்துக்கு அவர் போனதே இல்லை, ஆனாலும் அதைப் பற்றிய அவருடைய பாட்டுதான் உலகப் புகழ் பெற்றது. இது வேறு விஷயம்.

1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். தமிழர், தெலுங்கர், வங்காளிகள், ஒரியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலிருந்து, செட்டியார் கிட்டங்கிகளில் கணக்கு எழுதியவர்கள் வரை. ஊரில் பாதிப் பேர், கிளப்பில் ஒருவர் கூட இல்லை. பரிமாறியவர்களை உறுப்பினர் கணக்கில் சேர்ப்பதில்லை அல்லவா.

ஆர்வெலின் 'பர்மிய நாட்கள்' நாவல் 1934இல் வெளிவந்தது. அதன் முடிச்சே ஒரு கிளப் உறுப்பினர் பதவிதான். வீராசாமி என்ற இந்திய மருத்துவர். பெயரைப் பார்த்தால் நம் பக்கத்து ஆள். அவருக்கு மதுவும் வேண்டாம், பில்லியர்ட்ஸும் வேண்டாம். உறுப்பினர் என்ற பெயர் கிடைத்தால் ஊ போ சின் என்ற உள்ளூர் நீதிபதி தன்னை ஒழிக்க முடியாது என்ற நம்பிக்கை. வெள்ளை நண்பன் ஃப்ளோரி அவர் வீட்டு வராந்தாவுக்கு வந்து பீர் குடிப்பான். ஆனால் அவன் குடிக்கிற கிளப்புக்குள் இவர் போக முடியாது. முடிவில் ஃப்ளோரி இறக்கிறான், வீராசாமி வீழ்கிறார், கிளப்புக்குள் நுழைவது ஊ போ சின். குடிக்கிற இடத்தை வைத்து அரசியலை இவ்வளவு துல்லியமாக எழுதிய நாவல் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பெகு கிளப் சுதந்திரத்துக்குப் பின் ராணுவ அதிகாரிகளின் உணவுக்கூடமாகி, பின்னர் பாழடைந்தது. அதன் பெயரைத் தாங்கிய கலவை மட்டும் அழியவில்லை: ஜின், ஆரஞ்சுக் குராசோ, எலுமிச்சை, இரண்டு வகைக் கசப்புச் சாறு. 1930இல் லண்டன் சவாய் ஹோட்டலின் கலவை நூலில் அது இடம்பெற்றது. 2005இல் நியூயார்க்கில் பெகு கிளப் என்ற பெயரிலேயே ஒரு புகழ்பெற்ற மதுக்கூடம் திறந்து, கொரோனா ஆண்டான 2020இல் மூடியது. யங்கோனில் பழைய தேக்குக் கட்டடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்து நிகழ்ச்சிகளுக்கு விட்டார்கள். நிறத்தின் இடத்தில் வாடகை வந்தது.

2011க்குப் பின் நாடு கொஞ்சம் திறந்தபோது நகரின் பழைய கட்டடங்களுக்குள் புதிய உணவகங்கள் நுழைந்தன. ஆனால் யங்கோனில் மேல்தட்டுக்கு ஏறியது பீர்க்கடையை விட முதலில் தேநீர்க்கடை. இதில் வியப்பில்லை. ஆங்கிலேயருக்கு பப் எதுவோ, பர்மியருக்கு 'லஃபெயே சைங்' அது: காலை முதல் இரவு வரை உட்காரலாம், ஒரு கோப்பையோடு உலகத்தைப் பேசலாம், ஒற்றர்களும் பக்கத்து மேசையில் இருக்கலாம். அதன் தட்டுகளில் நம்மவர் வாசனை வெகுவாக உண்டு. பலாட்டா நம் பரோட்டாவின் தங்கை. சமூசாவை வெட்டிப் போட்டுக் கலவையாக்குவார்கள். 'தோஷே' என்று கேட்டால் வருவது தோசைதான், பர்மியக் காதில் புகுந்து பெயர் கொஞ்சம் நீண்டிருக்கிறது. 2014இல் பன்சோடான் தெருவில் திறந்த 'ரங்கூன் டீ ஹவுஸ்' இந்தத் தெருச் சாப்பாட்டையே உயர்ந்த கூரையும் விசிறியும் உள்ள கூடத்தில், நல்ல பீங்கானில், பல மடங்கு விலையில் வைத்தது. கலவை மதுவும் உண்டு. ஈகிள் லண்டனுக்குச் செய்ததை இது யங்கோனுக்குச் செய்தது எனலாம். தெரு உணவுக்கு மதிப்பு கூடியது உண்மை. குடும்பத்தோடு, பெண்கள் தனியாகக் கூட, போய் உட்கார முடிந்ததும் உண்மை. தெருவில் அதைத் தின்று வளர்ந்தவன் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்ததும் உண்மை. எனக்கு இதில் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தொழிலாளியின் கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாய்க்காலாக இருந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் தமிழ்த் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று. குடிக்கிறவர்களே கடையை மூடச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்தில் கள் தடைசெய்யப்பட்டது. 2003 இறுதி முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். அங்கே உணவு என்பது 'சைட் டிஷ்'. கேரளத்தில் மட்டும்தான் கள்ளுக்கடை தன் மரவள்ளிக்கிழங்காலும் மீன்கறியாலும் குடும்பங்களை உள்ளே இழுத்தது. காஸ்ட்ரோபப் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அவர்கள் அதைச் செய்தார்கள். அங்கும் இப்போது சில கடைகளில் கள்ளை விடக் கறிக்குத்தான் கூட்டம்.

மீண்டும் ஷ்வேப்யிதா. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, முதலில் தெருவுக்கு வந்தவர்களில் தையல் ஆலைப் பெண்கள் முக்கியமானவர்கள். மார்ச் 14 அன்று லைந்தாயாவிலும் ஷ்வேப்யிதாவிலும் ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதே வாரங்களில் பீர்க்கடைகளில் இன்னொரு போராட்டம் நடந்தது. நாட்டின் மிகப் பரவலான 'மியன்மார் பீர்', 1995இல் ராணுவத்தின் வணிக நிறுவனம் பங்காளியாகத் தொடங்கிய ஆலையின் சரக்கு. 2015இல் பெரும்பங்கை வாங்கிய ஜப்பானின் கிரினும் அதே பங்காளியோடுதான் இருந்தது. மக்கள் அந்தப் பீரை வேண்டாம் என்றார்கள். கடைக்காரர்கள் பெயர்ப்பலகைகளைக் கழற்றினார்கள், பீப்பாய்களை மாற்றினார்கள். பச்சைப் பலகை எல்லாக் கடையிலும் தொங்கிய ஊரில் இது சின்ன விஷயமல்ல. எந்தக் கோப்பையைக் கேட்கிறாய் என்பதை வைத்து நீ யார் பக்கம் என்று பக்கத்து மேசைக்காரன் தெரிந்துகொண்டான். 2022 பிப்ரவரியில் விலகுவதாக அறிவித்த கிரின், 2023 ஜனவரியில் தன் பங்குகளை அந்த ஆலைக்கே திருப்பி விற்றுவிட்டு வெளியேறியது. ஆலை அதனால் முழுவதும் ராணுவ நிறுவனத்தின் கைக்குப் போனது.