சாரணனின் முதற் சின்னம்

உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டங்களில், இடம்பெயர்ந்து வந்து உறவினர் காம்பராக்களில் ஒண்டியிருக்கும் குடும்பங்களைச் சந்திக்கும்போது பெற்றோர் எம்மிடம் அடிக்கடி கேட்பது இது: "பையனைச் சாரணர் குழுவில் சேரச் சொல்லி ஸ்கூல்ல கேக்கிறாங்க. விடலாமா, பாதர்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஒன்று செலவு, மற்றது யூனிபோம்.

யூனிபோமை முதலில் எடுப்போம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் காணி செய்து, பிறகு அதையும் விட்டு ஓடிவந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். சீருடையைக் கண்டால் உங்கள் நெஞ்சு பதறுவதை நாம் குறையாகச் சொல்லமாட்டோம். சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஓர் இராணுவ அதிகாரி என்பதும் உண்மைதான். ஆனால் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் அவர் நடத்திய முதற் பாசறையைப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளையும், பாய்ஸ் பிரிகேட் என்னும் கிறிஸ்தவச் சிறுவர் அமைப்பிலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே அணிகளில் கலந்து வைத்தார். சமைக்கவும், முடிச்சுப் போடவும், தடம் பார்க்கவும், ஆபத்தில் உயிர் காக்கவும் அங்கே பழக்கினார்கள். நம் நாட்டின் முதற் குழுவும் தொலைவில் தோன்றியதல்ல. 1912 இல் மாத்தளை கிறிஸ்து ஆலயக் கல்லூரியில் எவ். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவர் அதைத் தொடங்கினார்.

சேர்ந்தவுடனேயே ஒருவன் சாரணனாகிவிடுவதில்லை. அங்கத்துவச் சின்னத்தை அவன் உழைத்துப் பெற வேண்டும். சாரணர் சட்டத்தையும் வாக்குறுதியையும் மனப்பாடமாகச் சொன்னால் மட்டும் போதாது. பொருள் கேட்டால் விளக்கவும் தெரிய வேண்டும். மூன்று விரல் வணக்கம், இடது கைக் குலுக்கல், தேசியக் கொடி, தேசிய கீதம், சில முடிச்சுகள் எல்லாம் பழக வேண்டும். (இடது கை நம் வழக்கத்தில் மரியாதையில்லை. சாரணர்கள் சொல்லும் விளக்கம் வேறு: கேடயத்தைக் கீழே வைத்தவன்தான் இடது கையை நீட்ட முடியும். வீட்டில் பெரியவர்களுக்கு வலது கையாலேயே கொடுக்கட்டும்!)

முடிச்சு விடயத்தில் உங்கள் பிள்ளை யாருக்கும் பின்தங்கியவனல்ல. முதலில் பழக்குவது இரண்டு நுனிகளை இணைக்கும் தட்டையான முடிச்சு. வலது நுனியை இடதின் மேல் போட்டுச் சுற்ற வேண்டும். அடுத்து இடதை வலதின் மேல் போட வேண்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் வழுகிவிடும். காயத்துக்குக் கட்டும் துணியில் இது உறுத்தாமல் படுத்திருக்கும், அவிழ்ப்பதும் சுலபம். ஆனால் பாரம் தாங்கும் கயிறுகளை இதனால் இணைக்கக் கூடாது. உலகச் சாரணர் சின்னத்தில் லில்லி மலரைச் சுற்றி ஒரு கயிறு இருக்கிறதே, அதன் அடியில் உள்ளதும் இதே முடிச்சுதான். இன்னொன்று, இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சு. சாரணர்கள் ஆளை மீட்கப் பயன்படுத்துவார்கள். மாட்டின் கழுத்தில் கயிறு இறுகினால் என்ன ஆகும் என்று தெரிந்த தகப்பனுக்கு இதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு மாலை நீங்களே மகனுக்குக் காட்டிக் கொடுங்கள்.

கடினமான பகுதி வாக்குறுதிதான். சமயத்துக்கும் நாட்டுக்கும் உரிய கடமையைச் செய்யவும், பிறருக்கு உதவவும், சாரணர் சட்டத்துக்குப் பணியவும் தன்னால் இயன்றவரை முயல்வதாக அவன் சொல்கிறான். சமயம் என்றால் அவனவன் சமயம். முருகனைக் கும்பிடும் பிள்ளையும் ஜெபமாலை சொல்லும் பிள்ளையும் அருகருகே நின்று சொல்லலாம்.

நாடு என்னும் சொல்லில்தான் நம்மவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. 150,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கப்பட்டது. எஞ்சியவர்களுக்காக 1988 இலும் 2003 இலும் சட்டங்கள் வரவேண்டியிருந்தன. அந்த ஆண்டுகளில் நம் பிள்ளை ஒருவன் எழுந்து நின்று இந்த வாக்குறுதியைச் சொல்லியிருந்தால், தன்னைப் பிள்ளையென ஏற்காத தாய்க்குக் கடமை செய்வதாகச் சொல்லியிருப்பான். இன்று சொல்பவன் உரிமையோடு சொல்கிறான். இந்த வித்தியாசத்தைப் பாட்டன், பாட்டிமார் பேரனுக்குச் சொல்ல வேண்டும். கொடியின் செம்மஞ்சள் பட்டை தமிழரைக் குறிப்பதையும், தேசிய கீதத்தைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கியதையும் அவன் குழுவிலே படிப்பான். 1948 ஐப் பற்றி அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்; ஆகவே அது வீட்டுப் பாடம்.

இனிச் செலவு. சட்டை இல்லை என்பதற்காகப் பையனை நிறுத்திவிடாதீர்கள். சட்டத்தையும் முடிச்சையும் பழகுவதற்குச் சட்டை தேவையில்லை. சின்னஞ்சூட்டும் நாளுக்கு முன் கிடைத்தால் போதும். பெற்றோர் சேர்ந்து துணியை மொத்தமாக வாங்கித் தோட்டத்துத் தையல்காரரிடம் கொடுத்தால் செலவு குறையும். வளர்ந்த பையனின் சட்டையை வாங்கிச் சிறியவனுக்குக் கொடுப்பதிலும் வெட்கமில்லை. விறகுக்குப் போகும் நாளும் குழு கூடும் நாளும் ஒன்றாக வந்தால் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தங்கைக்கும் ஆசையிருந்தால் அவளையும் தடுக்க வேண்டாம். பெண் சாரணியம் 1917 இலேயே கண்டியில் தொடங்கிவிட்டது.