பயிர் மொத்தமும் போச்சு, இழப்பீடு மட்டும் ஏன் கொஞ்சமா வருது?

ஊரில் அப்பா பெயரில் நிலம் இருக்கா? பயிர்க் காப்பீடும் கட்டியிருக்கீங்களா? அப்படியென்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான நேரங்களில் இழப்பீட்டை முடிவு செய்வது உங்கள் வயலின் விளைச்சல் இல்லை. உங்கள் ஊரின் சராசரி விளைச்சல். அந்த சராசரியை அளந்து கொடுப்பது காப்பீட்டு நிறுவனமும் இல்லை, மாநில அரசு.

எப்படி அளக்கிறார்கள்?

2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிர்களுக்கு கிராமம் அல்லது ஊராட்சிதான் அலகு. அறுவடை சமயத்தில் ஓர் ஊராட்சியில் குறைந்தது 4 வயல்களில் சிறு துண்டு நிலத்தை அளந்து, அங்குள்ள பயிரை அறுத்து எடை போடுவார்கள். இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. மாநிலத்தைப் பொறுத்து வேளாண், வருவாய் அல்லது புள்ளியியல் துறை ஊழியர்கள் இதைச் செய்வார்கள். நெல், கோதுமைக்கு 2023 காரிஃப் பருவத்திலிருந்து செயற்கைக்கோள் தரவு வழி மதிப்பீட்டுக்கும் குறைந்தது 30% பங்கு உண்டு.

பணம் எப்படிக் கணக்காகிறது?

கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை 'உத்தரவாத மகசூல்' என்று வைக்கிறார்கள். உதாரணத்துக்கு, அது ஹெக்டேருக்கு 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு ஊர் சராசரி 1,500 கிலோ என்றால் குறைவு 25%. காப்பீட்டுத் தொகை 60,000 ரூபாய் என்றால் கைக்கு வருவது 15,000 ரூபாய். உங்கள் வயலில் ஒரு மணிகூடத் தேறாவிட்டாலும் இதே 15,000தான். ஊர் சராசரி 2,000-ஐத் தொட்டுவிட்டால்? ஒன்றும் வராது.

கோடிக்கணக்கான வயல்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதால்தான் இந்த முறை. ஆனால், அந்த நான்கு வயல்களில் அளவு தப்பினால் ஊருக்கே கணக்கு தப்பும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற சேதங்களுக்கும், அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாட்களுக்குள் மழையில் நாசமானாலும் உங்கள் வயலையே வந்து பார்ப்பார்கள். ஆனால் 72 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும். எண்: 14447.

ரசீதில் சர்வே எண்ணும் பயிரின் பெயரும் சரியா என்று இப்போதே பாருங்கள். அறுவடைக்கு முன், எந்தெந்த வயல்களில் பரிசோதனை நடக்கிறது என்று வேளாண் அலுவலகத்தில் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். இழப்பீடு வந்த பிறகு கேட்பதைவிட, எடை போடும்போது கேட்பதுதான் பலன் தரும்.