சிறுவெளித் தோட்டத்தின் அளவியல்

காய்கறிப் பயிர் வளர்தற்கு வேண்டுவன நான்கு: ஒளி, வேர்வெளி, நீர், காலம். இந்நான்கனுள் ஒன்றோ பலவோ எல்லைக்கு உட்பட்டு, அவ்வெல்லையை வளர்ப்போர் தம் விருப்பப்படி மாற்றவியலாத இடத்தில் அமையும் பயிர்வளர்ப்பைச் சிறுவெளித் தோட்டம் என்று இங்கு வழங்குவோம். பரந்த வயலில் ஒரு பாத்தியின் குறையை இன்னொரு பாத்தியின் மிகை ஈடுசெய்துவிடும். சிறுவெளியில் அத்தகைய ஈடு இல்லை. ஆதலின் அங்கே அளந்தறிதல் கட்டாயமாகிறது. அளந்தறிதலே அறிவியலின் தொடக்கமாதலால், சிறுவர்க்குரிய முதல் ஆய்வுக்கூடம் பெருந்தோட்டத்தினும் சிறுதோட்டமே என்பது என் துணிபு.

சேலத்துக்கு மேற்கே, தாரமங்கலத்தையும் எடப்பாடியையும் அடுத்துள்ள சலகண்டாபுரம் ஒரு நெசவூர். நெசவூரின் வீட்டமைப்பில் தறிக்கே முதலிடம். குழித்தறியோ விசைத்தறியோ கூடத்தைக் கொண்டபின் எஞ்சுவது புறக்கடையில் சிறு துண்டு நிலமும் மேலே மொட்டைமாடியுமே. இத்தகைய இடத்தில் சிறுவரும் பெற்றோரும் சேர்ந்து காய்கறி வளர்ப்பதற்கான நெறிகளையே இனிக் காண்போம்.

சிறுவர்க்கென நிலம் ஒதுக்குதல் புதிய எண்ணமன்று. செருமனியில் 1837இல் மழலையர்க்குக் கல்விநிலையம் தொடங்கிய பிரீதரிக் பிரோபெல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப்பாத்தி ஒன்றும், அவற்றைச் சூழ எல்லார்க்கும் பொதுவான பாத்திகளும் வகுத்தார். தனிப்பாத்தியில் குழந்தை தான் விரும்பியதை விதைக்கலாம். பொதுப்பாத்தியில் பிறரோடு இயைந்து நடக்க வேண்டும். இருவகை உரிமையையும் மண்ணிலேயே பிரித்துக் காட்டிய அவ்வமைப்பை இரண்டு பைகளைக் கொண்டும் பின்பற்றலாம். தமிழ்நாட்டு அரசின் தோட்டக்கலைத் துறை 2013ஆம் ஆண்டளவில் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டப் பொருள்களை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. பின்னர் 2021இல் அறிவித்த திட்டத்தின்படி, 900 உரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளை 225 உரூபாய்க்குக் கிடைத்தது. அதனுள் ஆறு வளர்ப்புப் பைகளும், இரண்டு கிலோ எடையுள்ள ஆறு தென்னை நார்த்துகள் கட்டிகளும், ஆறு வகைக் காய்கறி விதைகளும், உயிர்உரங்களும் அடங்கியிருந்தன. தளை வந்துவிடும்; அதை எங்கே வைப்பது என்பதைத் தளை சொல்லாது.

அதைச் சொல்வது ஒளி. சலகண்டாபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.7 பாகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகத்து 22ஐ ஒட்டியும் ஞாயிறு நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த கோலுக்கு அப்பொழுது நிழல் இராது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் ஞாயிறு வடக்கே சாய்ந்திருக்கும். நிழல் தெற்கே விழும். ஆண்டின் எஞ்சிய பகுதியில் நிழல் வடக்கே விழும். ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் சூன் 21இல் தெற்கே 21 சென்டிமீட்டர். திசம்பர் 22இல் வடக்கே 70 சென்டிமீட்டர். எனவே மூன்று மீட்டர் உயரச் சுவர் ஒன்று சூனில் தன் தென்புறத்தில் 60 சென்டிமீட்டர் அளவே நண்பகல் நிழல் தரும். திசம்பரிலோ வடபுறத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் நிழல் பரப்பும். ஆடிப்பட்டத்தில் வெயில் கண்டு சுவரின் வடபுறம் ஒட்டி வைத்த வெண்டைப் பை, ஐப்பசி பிறக்கும்பொழுது முழுவதும் நிழலுக்குள் போய்விடும். செடி சோர்ந்ததற்கு எருவைக் குறைகூறி மேலும் எரு இடுவோர் பலர். பையை ஒன்றரை மீட்டர் நகர்த்தினால் போதும். திங்கள்தோறும் ஒருநாள் நண்பகலில் கோலின் நிழல் முனையைச் சுண்ணாம்பால் குறித்துவரும் பிள்ளை, ஓராண்டில் தன் வீட்டு மாடிக்குரிய ஒளிவரைபடம் ஒன்றைத் தானே ஆக்கிவிடும். காய் தரும் பயிர்க்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயிலேனும் வேண்டும். கீரை அதில் பாதியிலும் வளரும்.

அடுத்தது வேர்வெளி. குறுக்களவும் உயரமும் 30 சென்டிமீட்டராக உள்ள பையின் கொள்ளளவு ஏறத்தாழ 21 இலிட்டர். அதை நனைந்த செம்மண்ணால் மட்டும் நிரப்பினால் எடை 35 கிலோவை எட்டும். ஆறு பைகள் 200 கிலோவைக் கடந்துவிடும். இரண்டு பங்கு நார்த்துகள், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம் என்று கலந்தால் எடை வெகுவாகக் குறையும். அப்பொழுதும் மாடியின் நடுவே வைக்காமல், கீழே சுவரோ தாங்குவிட்டமோ செல்லும் கோட்டின்மேல் வரிசையாக வைத்தலே தகும்.

பையினுள் நீர் நடந்துகொள்ளும் முறை பலரும் கருதுவதற்கு மாறானது. ஏனம் கழுவும் பஞ்சுக்கட்டி ஒன்றை நீரில் தோய்த்துக் கிடைமட்டமாகப் பிடித்தால், சிறிதுநேரம் சொட்டி நின்றுவிடும். நின்றபின் அதனைச் செங்குத்தாகத் திருப்பினால் மீண்டும் சொட்டும். பஞ்சு மாறவில்லை, நீர் மாறவில்லை. உயரம் மட்டுமே மாறியது. துகள்களுக்கிடையே உள்ள நுண்புழைகள் நீரைத் தாங்கி நிற்பதால் அடிப்புறத்தில் ஒரு நிறைஈரப் படலம் எப்பொழுதும் தங்கும். அதனைத் தொங்குநீர் எனலாம். அதன் கனம் புழைகளின் நுண்மையைப் பொறுத்தது, ஏனத்தின் உயரத்தைப் பொறுத்ததன்று. ஆகவே ஆழமற்ற தட்டில் வேர்வெளியின் பெரும்பகுதி தொங்குநீரால் மூச்சடைத்துப் போக, உயர்ந்த பையில் மேற்பகுதி காற்றோட்டத்தோடு இருக்கும். நீர் வடியட்டும் என்று அடியில் கூழாங்கல் பரப்பும் வழக்கம் இதனால் பயனற்றது. கல்லின்மேல் அதே படலம் நிற்கும், வேருக்குரிய இடந்தான் குறையும். துளையை மறைக்க ஓர் ஓட்டுச்சில் போதும். நெசவூரார்க்கு ஒரு சொல்: சாயம் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றற்க, கீரையை உண்பவர் பிள்ளைகள்.

நான்காவதான காலமே சிறுவர் வகையில் மிகக் கடியது. காய்கறிகளை உண்ணும் உறுப்பின்படி இலை, வேர், காய் என்று பகுப்பது நூல்வழக்கு. பிள்ளைகளின் பொறுமைக்கேற்ப நாள்வரிசைப்படி பகுப்பதே இங்குப் பொருந்தும். சிறுகீரை மூன்று முதல் ஐந்து நாள்களில் முளைத்து, 25 நாள் அளவில் பறிப்புக்கு வரும். முள்ளங்கி 45 நாளிலும், வெண்டையும் கொத்தவரையும் 50 நாளை ஒட்டியும் பயன்தரும். கத்தரியோ நாற்றாக ஒரு திங்கள் இருந்து, நட்டபின் இரண்டு திங்கள் கழித்தே காய்க்கும். ஆறு அகவைப் பிள்ளையிடம் முதலில் கத்தரி விதையைக் கொடுப்பது கொடுமை.

கீரைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பெரும்பாலான செடிகள் காற்றின் கரிவளியைப் பற்றி முதலில் மூன்று கரிம அணுக்கள் கொண்ட பொருளாக்கும். கடும்வெயிலில் அம்முறை தடுமாறி, கரிவளிக்கு மாறாக உயிர்வளியைப் பற்றி ஆற்றலை வீணாக்கும். சிறுகீரையும் தண்டுக்கீரையும் சார்ந்த பேரினமோ, கரும்பைப் போலவே, நான்கு கரிம அணுக்கள் கொண்ட பொருளை முதலில் ஆக்கிக் கரிவளியை இலையின் உள்ளறையில் செறித்துவைத்துப் பின்னர்ப் பயன்கொள்ளும். இதனை நாற்கரிம வழி என்போம். ஆத்திரேலியாவில் ஏட்சு, சிலாக்கு என்னும் ஆய்வாளர் இருவரும் 1966இல் கரும்பின்வழி இதனை விளக்கினர். சேலத்துச் சித்திரை வெயிலில் கொத்துமல்லி பூத்து ஓய்ந்துவிட, கீரை தழைத்து நிற்பதன் காரணம் இதுவே.

பாகல், பீர்க்கு போன்ற பந்தற்கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் அடியில் பிஞ்சு முன்னரே தெரியும். முதற்சில நாள் ஆண்பூக்களே பூத்து உதிர்தலின், கொடி கெட்டதென வீட்டார் கலங்குவர், கலங்க வேண்டுவதில்லை. பாகற்பூ விடியலில் விரியும். பீர்க்கம்பூவோ பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் மாலைப்பொழுதில் விரியும். ஆகவே மென்தூரிகையால் தாதுச்சேர்க்கை செய்து பழகப் பீர்க்கே ஏற்றது. பாகலின் பற்றுக்கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்: நுனி கயிற்றைப் பற்றியபின், கம்பி ஒரு பாதி வலமாகவும் மறு பாதி இடமாகவும் சுருண்டிருக்கும். இருமுனையும் கட்டுண்ட கம்பி முறுக்கேறாமல் சுருள வேறு வழியில்லை. சார்லசு தார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதியபொழுது இதனை விளக்கியிருக்கிறார்.

தட்டைப்பயற்றுச் செடி ஒன்றைப் பூக்கும் பருவத்தில் பிடுங்கி வேரைக் கழுவினால், சிறு முடிச்சுகள் காணப்படும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள தழைவளியை நுண்ணுயிர்கள் அங்கே செடியூட்டமாக மாற்றுகின்றன. அவ்வேலைக்கு ஊறான மிகை உயிர்வளியைப் பற்றிக்கொள்ளும் புரதமே அச்சிவப்பு, நம் குருதிச் செம்மைக்கு உறவானது. முடிச்சு வெண்மையாயின் வேலை இன்னும் தொடங்கவில்லை; பசுமையாயின் முடிந்துவிட்டது. ஒரு செடியை இழந்து இதைக் காட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை.

விதை எடுக்க விரும்பின் வெண்டையே எளிது. கலப்பின விதையாயின் அடுத்த தலைமுறை தாயை ஒத்திராது என்பதால் நாட்டுவகையே கொள்க. நாளை மலரவிருக்கும் மொட்டின் நுனியை முதல்நாள் மாலையிலேயே நூலால் கட்டிவிட்டால், வண்டு வேற்றுத்தாது கொணராது. பூ தன் தாதாலேயே சூல்கொள்ளும். காய் முற்றினால் செடி புதுக்காய் விடுதலைக் குறைத்துக்கொள்ளுமாதலின், பறிப்பு ஓயும் காலத்தில் இதைச் செய்க. நூலுக்கு எங்கும் போக வேண்டா, தறியடியில் விழுந்து கிடக்கும். சிவப்பு நூலாக எடுத்துக் காய்ந்த மொட்டிலிருந்து காம்புக்கு மாற்றிக் கட்டிவிட்டால், குழம்புக்குப் பறிக்க வரும் பாட்டிக்கும் அடையாளம் தெரியும்.