வாடகை பாக்கிக்காக வீட்டைப் பூட்டிய ஓனர்... உள்ளே இருக்கும் உங்கள் பொருட்கள் யாருக்கு?

வேலை முடிந்து ராத்திரி வீட்டுக்கு வருகிறீர்கள். உங்கள் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு தொங்குது. போன் போட்டால், "ரெண்டு மாச பாக்கியைக் குடுத்துட்டு சாமானை எடுத்துக்கோங்க" என்கிறார் ஹவுஸ் ஓனர். டிவி, பிரிட்ஜ், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் உள்ளே. அவர் வீடு, அவர் பூட்டுறார், நாம என்ன கேட்க முடியும் என்றுதான் பலரும் நினைப்போம்.

கேட்கலாம். பாக்கி இருப்பது உண்மையாகவே இருந்தாலும் கேட்கலாம்.

பாக்கி இருந்தால் பூட்டலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இரண்டு மாத வாடகையை நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்றால் காலி செய்யச் சொல்ல ஓனருக்கு உரிமை உண்டு. ஆனால், அதற்கு அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பூட்டுக்கடைக்கு அல்ல.

பொருட்களுக்கும் இதேதான். வீடு அவருடையது, உள்ளே இருக்கும் பொருள் உங்களுடையது. கோர்ட் உத்தரவு இல்லாமல் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கவோ விற்கவோ முடியாது. உங்களுக்குத் தெரியாமல் எடுத்துப் போனால், சூழ்நிலையைப் பொறுத்து அது திருட்டுப் புகாராகவும் மாறலாம்.

கரண்ட், தண்ணியை கட் செய்தால்?

பூட்டுவதற்கு முன்னாடி நடப்பது பெரும்பாலும் இதுதான். தகுந்த காரணம் இல்லாமல் அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். அவரிடம் மனு கொடுத்தால், உடனே திருப்பிக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட முடியும். ஆனால் இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு பதிவு செய்திருக்க வேண்டும். 'வாய்வார்த்தை போதும் சார்' என்று விட்டவர்களுக்கு இங்கேதான் சிக்கல்.

'இது சிவில் மேட்டர்' என போலீஸ் சொன்னால்?

நிறைய பேர் இந்த வார்த்தையைக் கேட்டதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். வராதீர்கள். புகாரை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்து சிவில் கோர்ட். 1963-ம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், பிரிவு 6-ன்படி, சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். வீடு யார் பேரில் இருக்கு என்ற கேள்வியே அங்கே வராது. நீங்கள் அங்கே குடியிருந்தீர்கள், உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியேற்றப்பட்டீர்கள் என்று காட்டினால் போதும்.

அதற்கு ஜிபே-யில் அனுப்பிய வாடகை, கேஸ் பில், ஓனரின் வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் உதவும். தொங்கும் பூட்டையும் தேதி தெரிய போட்டோ எடுங்கள். உள்ளே என்னென்ன இருந்தது என்று அன்றைக்கே ஒரு லிஸ்ட் எழுதி வைத்துவிடுங்கள். பூட்டை உடைக்க மட்டும் போகாதீர்கள், வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

அட்வான்ஸ் கணக்கு

சட்டம் சொல்வது மூன்று மாத வாடகைதான். பிறகு எப்படி பத்து மாசம் கேட்கிறார்கள்? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும் என்று அதே பிரிவில் ஒரு வழி இருக்கு. ஆகவே, கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியைப் படியுங்கள். காலி செய்யும்போது பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தாக வேண்டும்.

வக்கீல் வைக்கக் காசு இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு இருக்கு. போன் நம்பர் 15100.