பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்

பாரிஸ் பதினோராம் வட்டாரம், ப்ளுவே தெரு. அங்கே உலோகத் தொழிலாளர் சங்கம் ஒரு பிரசவ மருத்துவமனையை நடத்திவந்தது. 1952-இல் அந்த மருத்துவமனையின் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் லேத்திலும் வார்ப்படத்திலும் வேலை செய்தவர்களின் மனைவிகள், எல்லோரும் நிறைமாதத்தை நெருங்கியவர்கள். முதல் பாடம் கருப்பை. அது எப்படிச் சுருங்கி விரிகிறது, கருப்பையின் வாய் எப்படித் திறக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். அப்புறம், நம்பினால் நம்புங்கள், ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவின் நாய். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுகிறது அல்லவா? அதுபோலத்தான் "பிரசவம்" என்று கேட்டதுமே உங்கள் மூளை வலியை எதிர்பார்க்கப் பழகியிருக்கிறது, பழகியதை மறக்கவும் முடியும் என்றார்கள். அதன்பின் பயிற்சி. வலது கையை இறுக்கிப் பிடி, ஆனால் இடது கால் தொளதொளவென்று கிடக்க வேண்டும். செய்து பார்த்தால்தான் தெரியும், எளிதல்ல. ஓர் உறுப்பு உழைக்கும்போது மற்றதெல்லாம் ஓய்ந்திருக்கக் கற்றுக்கொண்டால், கருப்பை சுருங்கும்போது பல்லைக் கடித்து உடம்பு முழுவதையும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கலாம் என்பது கணக்கு. கடைசிப் பாடம் மூச்சு. வலி ஏறும்போது மேலோட்டமாக, வேகமாக மூச்சு வாங்குவது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் "குட்டி நாய்".

இந்த வகுப்பைத் தொடங்கிவைத்தவர் பிரசவ மருத்துவர் ஃபெர்னான் லமாஸ். ஆனால் முறை அவருடையதல்ல. அதன் பூர்வீகம் இன்று உக்ரைனில் இருக்கும் கார்கிவ், அன்றைய சோவியத் கார்கோவ். பிளாத்தோனவ் என்ற மருத்துவரும் அவர் மாணவர் வெல்வோவ்ஸ்கியும் 1920-களிலேயே அங்கே கர்ப்பிணிகளை மனோவசியத்தில் ஆழ்த்திப் பிரசவம் பார்த்தார்கள். சிலருக்குப் பிரமாதமாகப் பலித்தது, ஆனால் எல்லோரும் வசியத்துக்கு மசிவதில்லை. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பலமுறை உட்கார வேண்டும். நடுராத்திரியில் வலி எடுத்தால் வசியம் தெரிந்த டாக்டரை எங்கே தேடுவது? இரண்டாம் உலகப் போர் முடிந்து மருந்துக்கும் மயக்க மருத்துவருக்கும் பஞ்சமாக இருந்த நாட்டில் வெல்வோவ்ஸ்கி அந்த உறக்கத்தை விட்டுவிட்டார், சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார். பெண் முழு விழிப்போடு இருப்பாள். ஐந்தாறு வகுப்பில் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். பேச்சுக்குச் செலவில்லை. 1951-இல் அந்த முறையை நாடு முழுக்கப் பின்பற்றும்படி சோவியத் சுகாதார அமைச்சகம் உத்தரவு போட்டது.

அதே ஆண்டு லெனின்கிராடுக்குப் போயிருந்த லமாஸ், ஒரு பெண் அலறாமல் பிள்ளை பெறுவதை நேரில் பார்த்தார். அப்போது அவருக்கு அறுபது வயது. பல்லாண்டுகளாகப் பிரசவ அறையில் அலறல் கேட்டுப் பழகிய மனிதர். ஊர் திரும்பியதும் சங்கத்து மருத்துவமனையில் ஆரம்பித்துவிட்டார். கம்யூனிஸ்ட் சரக்கு என்று வலதுசாரிகள் முகம் சுளித்தார்கள். வேதாகமம் ஏவாளுக்கு விதித்த வேதனையை மாற்ற மனிதனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. அதற்கு 1956 ஜனவரியில் பதில் சொன்னவர் போப் பன்னிரண்டாம் பத்திநாதர். சோவியத் நாட்டில் பிறந்தது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, ஒழுக்க நோக்கில் இதில் தவறொன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். கிரெம்ளினும் வத்திக்கானும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டிய தருணங்கள் அந்தக் காலத்தில் அதிகமில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பகுதி ஒன்று உண்டு. பிரசவம் முடிந்ததும் அந்தப் பெண்களைத் தரம் பிரித்தார்கள். சத்தமில்லாமல், அசையாமல் பெற்றவள் "மிக நன்று". கத்தியவள், புரண்டவள் "தோல்வி". பத்து மணி நேரம் உயிரைக் கொடுத்துப் பிள்ளை பெற்றவளுக்குத் தேர்வில் தேறவில்லை என்று சான்றிதழ்! முறை பலிக்காவிட்டால் குற்றம் முறையின் மேல் விழாது, பாடத்தைச் சரியாகப் படிக்காதவள் மேல் விழும். வலியே இல்லாத பிரசவம் என்ற பெரிய வாக்குறுதியைக் காப்பாற்ற அப்படியொரு ஏற்பாடு தேவைப்பட்டது போலும்.

அந்த வாக்குறுதியைக் கடைசியில் நிறைவேற்றியது முதுகில் போடும் ஊசி, எபிடூரல். 1981-இல் பிரான்சில் நூறு பிரசவத்தில் நாலுக்குத்தான் அது கிடைத்தது. 1994-இல் சுகாதாரப் பொறுப்பிலிருந்த அமைச்சர் சிமோன் வெய், அதன் முழுச் செலவையும் அரசுக் காப்பீடே ஏற்கும்படி செய்தார். 2016 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 82. ப்ளுவே தெருவின் பெயரால் லெ ப்ளுவே எனப்பட்ட அந்தச் சங்கத்து மருத்துவமனையும் 2007-இல் பன்னிரண்டாம் வட்டாரத்துக்கு இடம் பெயர்ந்தது, பழைய பெயரை மட்டும் விடவில்லை.

அப்படியானால் வகுப்புகளை இழுத்து மூடியிருக்க வேண்டுமே? இல்லை, அமோகமாக நடக்கின்றன. ஏழு வகுப்புகளுக்குக் காப்பீடு பணம் கொடுக்கிறது. பாவ்லவின் நாய் போய்விட்டது. பதிலுக்கு யோகா, நீச்சல்குளப் பயிற்சி, சோஃப்ராலஜி, மனோவசியம் என்று பெரிய பட்டியலே இருக்கிறது. சோஃப்ராலஜி என்ற தளர்வுப் பயிற்சியை 1960-இல் மத்ரிதில் உருவாக்கியவர் கொலம்பியாவில் பிறந்த மனநல மருத்துவர் அல்ஃபோன்சோ கய்சேதோ. மனோவசியத்திலிருந்து கிளம்பியவர், பிறகு இந்தியாவுக்கு வந்து யோகத்தையும் சேர்த்துக்கொண்டார். கார்கோவில் கைவிட்ட அந்த அரைத் தூக்கம் வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவில் மேரி மோங்கன் 1989-இல் தொடங்கிய ஹிப்னோபர்த்திங் இன்று ஒரு வணிகப் பெயர். அதற்குப் புத்தகமும் ஒலிப்பதிவும் கைப்பேசிச் செயலியும் விற்பனைக்கு உண்டு.

இன்றைய வகுப்பு சத்தமே இல்லாதது. விரிப்பில் இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மருத்துவச்சி தணிந்த குரலில் நெற்றி, தாடை, தோள் என்று வரிசையாகத் தளர்த்தச் சொல்லுவார். தாடையில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். வலி வந்தால் நாம் முதலில் இறுக்குவது அதைத்தான். வேக மூச்சு வழக்கொழிந்துவிட்டது, தலைசுற்றல்தான் மிச்சம். இப்போது மூக்கால் இழுத்து வாயால் நிதானமாக, நீளமாக விடுவது. பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் குடியிருக்கும் ஈழத்துப் பெண்களும் காப்பீட்டு அட்டையைக் காட்டி இதே விரிப்பில் படுக்கலாம். பிரெஞ்சு வராதவர்களுக்கு மட்டும் பாதிதான் பயன். குரலையும் சொல்லையும் நம்பி நிற்கும் முறை இது, பக்கத்தில் யாராவது மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் கண் எப்படிச் சொருகும்?

இதெல்லாம் வேலை செய்கிறதா? டென்மார்க்கில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 1,222 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். தன்னைத்தானே மனோவசியப்படுத்திக்கொள்ளக் கற்றவர்களும் கல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்கு முப்பது பேர், எபிடூரல் கேட்டார்கள். பிரிட்டனில் 680 பேரிடம் நடத்தி 2015-இல் வெளிவந்த ஆய்வும் அதே கதைதான். ஆனால் அதில் பயிற்சி பெற்றவர்கள், முன்பு நினைத்த அளவுக்குப் பிரசவத்தில் பயமும் பதற்றமும் இருக்கவில்லை என்றார்கள். வலி ஊசியின் பொறுப்பு, பயம் பயிற்சியின் பொறுப்பு என்று வேலை பிரிந்துவிட்டது. வீட்டில் வலி ஆரம்பித்து ஊசி கிடைக்கும்வரை உள்ள மணிநேரங்களுக்கு, முதுகை வளைத்து ஆடாமல் உட்கார வேண்டிய அந்தச் சில நிமிடங்களுக்கு, நீள மூச்சு நிச்சயம் உதவும். பலிக்காவிட்டால் மதிப்பெண் குறைக்க யாரும் இல்லை. 1952-இன் பெண்ணைவிட இன்றைய பெண் இந்த வகையில் கொடுத்துவைத்தவள்.

ஆனால் அந்தப் பழைய மருத்துவமனையில் இன்னொன்று இருந்தது. மொனிட்ரிஸ், அதாவது பயிற்சியாளர், என்று ஒருத்தி. வகுப்பில் பழக்கமான முகம். வலி எடுத்து உள்ளே வந்ததிலிருந்து பிள்ளை வெளியே வரும்வரை கர்ப்பிணியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கூடவே மூச்சு விட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கணவனையும் உள்ளே விட்டார்கள். ஆண்கள் வராந்தாவில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். லமாஸ் வெற்றிக்குக் காரணம் பாவ்லவ் என்று நினைத்தார். காரணம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான் என்று எனக்குப் படுகிறது. பிரசவத்தில் விடாமல் கூட இருக்கும் துணையைப் பற்றி 2017-இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று உண்டு, 15,000-க்கு மேற்பட்ட பெண்களின் கணக்கு. துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைந்தது, சிசேரியன் குறைந்தது, ஊசி கேட்பதும் குறைந்தது. மனோவசியத்துக்கு இப்படித் தெளிவான கணக்கு கிடையாது.

அவளைத்தான் காணோம். மூச்சும் தளர்ச்சியும் உலகெங்கும் பரவின, ஏனெனில் அவற்றைப் புத்தகத்தில் அச்சடிக்கலாம், செயலியில் ஏற்றலாம். ராத்திரி முழுக்க ஓர் ஆளை உட்கார வைக்கச் சம்பளம் கொடுக்க வேண்டும். இன்று பிரான்சின் பெரிய மருத்துவமனைகளில் ஒரே மருத்துவச்சி பல அறைகளுக்கு மாறி மாறி ஓடுகிறார். குழந்தையின் இதயத் துடிப்பு காட்டும் திரைகளைச் செவிலியர் மேசையிலிருந்தே பார்த்துக்கொள்கிறார்கள். கர்ப்ப காலம், பிரசவம், பிறகு வீட்டுக்கு வந்து பார்ப்பது என மூன்றையும் ஒரே மருத்துவச்சி பார்க்கும் ஏற்பாடு இருக்கத்தான் இருக்கிறது. தனியாகத் தொழில் செய்யும் மருத்துவச்சிகள் அதைச் செய்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து வரும் மருத்துவச்சிக்குத் தன் பிரசவ அறையைத் திறந்துவிடும் மருத்துவமனைகள் குறைவு. அதனால் கருத்தரித்தது தெரிந்ததுமே பெயர் கொடுத்து வைப்பவர்களுக்குத்தான் அந்த மருத்துவச்சி கிடைக்கிறார்.